நெஞ்சின் மேல் ஒரு பிளாஸ்திரி

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பேராவூரணியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். எங்கள் கால்பந்து அணியில் இந்து, முஸ்லிம் எல்லோருக்குமே அவர் காக்காதான். பெயர் இல்லாமலே இதைச் சொல்லிவிடலாம்.

கடைத்தெருவில், எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். விரல் நகங்களில் வார்னிஷ் வாடை போகாது. ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் அவர்தான் எங்களுடைய ஒரே தடுப்பாட்டக்காரர். அவருக்குப் பின்னால் கோல் கம்பத்தில் நான். முப்பத்தைந்து வயதில் அவருக்கு ஓட்டம் குறைந்துவிட்டது. ஆனால் எதிரணிக்காரன் இடது பக்கம் சாய்ந்தால் மற்றவர்கள் எல்லோரும் இடது பக்கம் போவார்கள், இவர் மட்டும் அசையமாட்டார். நம்பமாட்டார்.

"உடம்பைப் பாக்காதடா. உடம்பு பொய் சொல்லும். பந்தைப் பாரு," என்று என்னிடம் கத்துவார்.

மைதானத்துக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். எது கைக்கு வந்தாலும் "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்காமல் தொடமாட்டார். இடைவேளையில் எலுமிச்சைச் சர்பத் வந்தால், யார் வாங்கிக் கொடுத்தது, அவருக்கு என்ன தொழில் என்று கேட்பார். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். பல நாட்கள் வெறும் தண்ணீரோடு ஆடியிருக்கிறார்.

ஒரு தடவை நான் பூவன் வாழைத்தார் ஒன்றை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். பையன்கள் ஆளுக்கு மூன்று உரித்துத் தின்றுவிட்டார்கள். காக்கா ஒரு பழத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கொல்லைப் பழம்?"

"எங்க கொல்லைதான் காக்கா."

"உங்க கொல்லையில தென்னைதானேடா நிக்கிது? வாழை ஏது?"

என் பெரியப்பா கொல்லையில் சொல்லாமல் வெட்டியது அது. அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காக்கா பழத்தைத் தாரோடு சேர்த்து வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

ஊரில் அவரை மதித்தவர்களைவிட சந்தேகப்பட்டவர்கள் அதிகம். வங்கியில் அவர் சேமிப்புக்கு விழும் வட்டியைத் தனியாக எடுத்து, அதற்குப் பினாயில் வாங்கிப் பேருந்து நிலையக் கழிப்பறையில் கொடுத்துவிட்டு வருவார். வட்டிப் பணத்தில் சாப்பிடக்கூடாது, அதைத் தருமம் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது, அதற்கு ஏற்ற இடம் அதுதான் என்பது அவர் கணக்கு. கழிப்பறைக் குத்தகைக்காரருக்கு இது புரியவே இல்லை. அடுத்த ஏலத்தில் இந்த ஆள் போட்டிக்கு வரப்போகிறார் என்று இரண்டு வருஷம் பயந்துகொண்டிருந்தார்.

காக்காவும் தப்புச் செய்வார். புயலில் ஊர்த் தென்னையெல்லாம் சாய்ந்த பிறகு, வயலில் கிடந்த மோட்டார்கள் நிறையக் களவு போயின. அந்தச் சமயத்தில் ஒரு பெரியவர் கொண்டுவந்த மோட்டாரில் கம்பெனித் தகடு இல்லை. "இது யாரோடது?" என்று காக்கா நாலு பேர் முன்னால் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். தகடு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது, மோட்டார் அவருடையதுதான். மறுநாள் காக்காவே அந்தக் கிராமத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, மோட்டாரைத் தூக்கிவந்து கூலி வாங்காமல் கட்டிக்கொடுத்தார். அப்போதும் அந்தப் பெரியவர், "இவன் எதுக்கு இவ்வளவு இறங்கி வர்றான்?" என்று என் அப்பாவிடம் கேட்டார்.

அந்த வருஷங்களில் நான் நகைக்கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் எங்கள் ஊர்க் கிளையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நகை விவரத்தையும் வட்டியையும் கணினியில் ஏற்றும் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. கோடைகாலத் தொடர்போட்டிக்கு அணிக்கு ஆதரவாளர் கிடைக்காமல் தவித்தபோது, நான்தான் தஞ்சாவூரிலிருந்த வட்டார மேலாளரிடம் பேசினேன். ஜெர்சி, பூட்ஸ், நுழைவுக் கட்டணம், வேன் எல்லாம் அவர்கள் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மைதானத்தில் பெட்டியைப் பிரித்தோம். பச்சை ஜெர்சி. நெஞ்சில் மஞ்சள் எழுத்தில் நிறுவனத்தின் பெயர். எங்கள் முன்கள ஆட்டக்காரன் அன்சாரி அங்கேயே சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டான். காக்கா ஒன்றை விரித்துப் பிடித்தார்.

"இது நகையை வாங்கிக்கிட்டு வட்டிக்குக் குடுக்குற கம்பெனிதானே?"

"ஆமா காக்கா. நான் வேலை பாக்குற இடம்."

"நீ வேலை பாக்குறது உன் பாடுடா. அதை நான் ஒண்ணும் சொல்லல. வட்டிக் கடை பேரை நெஞ்சுல எழுதிக்கிட்டு நான் ஓட மாட்டேன்."

அன்சாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐரோப்பாவுல ஆடுற நம்ம ஆளுங்க சூதாட்டக் கம்பெனி பேரு போட்ட சட்டையோட கோல் அடிக்கிறாங்க. அதே சட்டையோட அங்கேயே நெத்தியத் தரையில வச்சு சஜ்தாவும் செய்றாங்க. நீங்க டிவில பாக்கலியா?"

"பாத்தேன். போடமாட்டேன்னு சொன்னவங்களும் இருக்காங்க."

"சொல்லிட்டு அப்புறம் போட்டுக்கிட்டவங்களும் இருக்காங்க."

எல்லோரும் சிரித்தோம். காக்காவும் சிரித்தார். "இருக்கட்டும்டா. அவங்களுக்கு நான் நீதிபதியா? நாளைக்கு மறுமையில என்கிட்ட என் நெஞ்சைப் பத்தித்தான் கேப்பாங்க."

அணியை நடத்தி வந்த தேங்காய் மண்டிக்காரர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். வட்டி வாங்குவது, கொடுப்பது, அதை எழுதுவது, சாட்சி நிற்பது எல்லாம் கூடாது, சட்டையைப் பற்றி நேரடியாக ஒன்றும் இல்லை, ஆனாலும் விளம்பரம் ஒத்தாசைதான், தவிர்க்க முடிந்தால் நல்லது என்றாராம். மண்டிக்காரர் அதைச் சத்தமாகச் சொன்னபோது 'எழுதுவது' என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. வேறு யாரும் கவனிக்கவில்லை. காக்கா கவனித்தார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கடைசியில் அவரே வழி சொன்னார். மருந்துக் கடையில் அகலமான வெள்ளைப் பிளாஸ்திரி வாங்கி, மூன்று வரிசையாக நிறுவனத்தின் பெயர் மேல் ஒட்டிக்கொண்டார்.

முதல் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வட்டார மேலாளர் வந்திருந்தார். புயலில் விழுந்த தென்னை மரங்களைத்தான் மைதானத்தைச் சுற்றி இருக்கையாகப் போட்டிருந்தோம். ஐநூறு பேர் இருப்பார்கள். படம் எடுக்கும்போது ஆறு மஞ்சள் பெயர்கள், ஒரு வெள்ளைக் கட்டு.

"என்ன தம்பி, அவருக்கு நெஞ்சுல அடியா?" என்று கேட்டார் மேலாளர்.

"ஆமா சார்," என்றேன்.

யாரோ அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் போன் வந்தது.

"பேரை மறைக்கிறதுக்கா நாங்க பணம் குடுத்தோம்? நீங்க கொண்டுவந்த டீம், நீங்கதான் சரி பண்ணணும். உங்க கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள்லதான் கெடக்குது, தெரியும்ல?"

அதற்குள் ஊரில் ஆளுக்கொரு பேச்சு. எதிரணிக்கு ஆதரவு தரும் எண்ணெய் மில்காரர் காக்காவுக்குப் பணம் கொடுத்திருக்கிறார் என்றான் அன்சாரி. ஜமாஅத் தேர்தலில் நிற்க அடிபோடுகிறார் என்றார் மண்டிக்காரர். என் சந்தேகம் வேறு மாதிரி. ஒரு மனுஷன் இவ்வளவு சுத்தமாக இருக்க முடியாது. எங்கேயாவது ஒரு அழுக்கு இருந்தே ஆக வேண்டும்.

போனை வைத்த கையோடு கணினியில் காக்காவின் பெயரைத் தேடினேன். இல்லை. அவர் தெருவில் யார் யார் வாடிக்கையாளர்கள் என்று பார்த்தேன். ஒரு பெண் பெயர். கணவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர். இரண்டு வளையல், ஒரு சங்கிலி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி கட்டி, வருஷா வருஷம் புதுப்பித்திருந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வாழைப்பழம் நினைவுக்கு வந்தது.

வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மத்தியானம் டீக்கடையில் அன்சாரியிடம் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லிடாத," என்றும் சொன்னேன். ஊர் முழுக்கப் பரவ வேண்டுமென்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது தெரியாத வயதில்லை எனக்கு.

அரையிறுதி அன்று, ஆட்டத்துக்கு முன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டிருந்தோம். காக்கா பல்லால் கடித்துப் பிளாஸ்திரியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"காக்கா," என்றான் அன்சாரி. "நெஞ்சுல ஒட்டுறீங்க, சரி. வீட்டு நகை மேல எதை ஒட்டுவீங்க?"

"என்ன நகை?"

"கம்பெனியில வச்சிருக்கீங்களே, அந்த நகைதான். வட்டி கட்டிக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

காக்கா சிரித்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. என் முகத்தில் வந்து நின்றார்.

"யாரு பேர்லடா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரோ, பெயர்க் குழப்பம் என்றிருக்கலாம்.

"உங்க வீட்டு அக்கா பேர்ல."

"எப்ப வச்சது?"

"புயல் அடிச்ச மறுமாசம்."

அவர் உதடு லேசாக அசைந்தது. மாதத்தை எண்ணுகிறார் என்று தெரிந்தது. புயலில் அவர் கடைக் கூரை பறந்து, மழையில் செப்புக் கம்பிச் சுருளெல்லாம் நாசமானது ஊருக்கே தெரியும். ரியாத்தில் இருக்கும் மச்சான் பணம் அனுப்பினார், அதில்தான் கடையைத் திறந்தேன் என்று அவரே எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அல்ஹம்துலில்லாஹ் என்று சேர்த்துக்கொள்வார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு இது தெரியாது.

அவர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த பூட்ஸ் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். "இன்னும் வட்டி ஓடுதா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஓடுது காக்கா. அக்கா வந்து கட்டிட்டுப் போறாங்க. எங்கிட்டயே கட்டியிருப்பாங்க. எனக்குத் தெரியாது."

நடுவர் விசில் அடித்தார். காக்கா எழுந்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்குள் போனார்.

ஐந்தாவது நிமிஷம் எதிரணிக்காரன் பந்தோடு வந்து இடது பக்கம் சாய்ந்தான். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் காக்கா அவன் உடம்போடு இடது பக்கம் போனார். பந்து வலது பக்கமாக வந்து என்னைத் தாண்டி வலையில் விழுந்தது. அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பந்தையும் விடவில்லை. அன்சாரி இரண்டு கோல் போட்டான். கடைசிப் பத்து நிமிஷத்தில் வியர்வையில் பிளாஸ்திரி ஒரு ஓரம் பெயர்ந்து நெஞ்சில் தொங்கியது. காக்கா அதைப் பிய்த்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மஞ்சள் எழுத்தோடு ஆட்டத்தை முடித்தார். தென்னை மரங்களில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் கைதட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார்.

யாரோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை கிளை திறந்ததும் வட்டார மேலாளர் கூப்பிட்டார். "சொன்னதைச் செஞ்சிட்டீங்க தம்பி. எப்படிப் பேசினீங்க?" என்றார்.

பதினொரு மணிக்குக் காக்காவும் அவர் மனைவியும் வந்தார்கள். இரண்டு பேரும் நடந்து வந்திருந்தார்கள். அவர் பைக்கை விற்றுவிட்டார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கறுப்புப் புர்கா, கையில் துணிப்பை, சில்லறை மாறாமல் வட்டி கட்டுகிறவர். எத்தனை தடவை "அடுத்த தவணை எப்போங்க?" என்று கேட்டிருக்கிறேன்.

முழுத் தொகையையும் காக்கா கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். ரசீது அடிக்க நேரமாயிற்று. இருவரும் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் இல்லை. கண்ணாடியில் பேசுவதற்காக வைத்திருந்த வட்ட ஓட்டை வழியாக அவர்கள் பேசியது கேட்டது.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

"ஊர்ல இருக்குற எல்லாத்தையும் கேக்குறவன் நான்."

"ஊரைக் கேட்டீங்க. தம்பி அனுப்புனான்னு நான் சொன்னேன், சரின்னு வாங்கிக்கிட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லிருப்பியா?"

"சொல்லிருக்க மாட்டேன்," என்றார் அந்த அம்மாள். "கடை தொறக்கணும்ல."

நகை உறையை முத்திரை பிரித்து வெளியே நீட்டினேன். அந்த அம்மாள் சங்கிலியைப் பையில் போட்டுக்கொண்டு வளையலை அங்கேயே போட்டுப் பார்த்தார். விரல் கணுவைத் தாண்டவில்லை. "கை பருத்துப்போச்சு," என்று சொல்லிக்கொண்டார். வாடிக்கையாளருக்காக மேசையில் கைகழுவும் ஜெல் வைத்திருப்போம். காக்கா எழுந்துபோய் அதைத் தன் உள்ளங்கையில் அழுத்தி எடுத்து, மனைவியின் கையில் தடவி, விரல்களைக் குவித்துப் பிடித்து வளையலை மெதுவாக ஏற்றினார். முதல் வளையல் ஏறியது. பிறகு இரண்டாவது. அந்த நேரம் முழுக்க அவர் முகம் அழுகிற முகமாகவும் இல்லை, கோபமான முகமாகவும் இல்லை. மோட்டாருக்குள் கம்பியை இறக்கும்போது இருக்கிற முகம்தான்.

கிளம்பும்போது அந்த அம்மாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார்.

"நீங்கதான் சொன்னதா தம்பி?"

நான் ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ரெண்டு தவணை. இடியாப்பம் வித்துச் சேத்துக்கிட்டு இருந்தேன். இவங்களுக்குத் தெரியாமலே மீட்டிருப்பேன்," என்றார். கத்தவில்லை. விவரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

இறுதி ஆட்டத்துக்குக் காக்கா வரவில்லை. மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அந்த வருஷத்தோடு அவர் மைதானத்துக்கு வருவதை விட்டுவிட்டார். முட்டி வலி என்று சொன்னாராம். பெண்டாட்டியோடு பேச்சு இல்லை என்று ஒரு பேச்சு. அது பொய். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்பதை நானே பார்த்தேன். எண்ணெய் மில்காரர் தந்த பணத்தில்தான் நகையை மீட்டார் என்று அன்சாரி கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தான். நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால், நகை விஷயத்தை வெளியே சொன்னது யார் என்ற கேள்வியும் வந்திருக்கும்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. நன்னிலம் கிளைக்கு மாற்றினார்கள்.

போன ஆவணியில் லீவில் வந்திருந்தபோது, நாற்றுவிட்ட சமயம் பார்த்து எங்கள் வயல் மோட்டார் எரிந்துபோனது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வர இன்னும் நாலு நாள் இருந்தது. அப்பா காக்கா கடைக்குத்தான் போகச் சொன்னார். வேறு கடை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கடையில் கூரை மாற்றி ஓடு போட்டிருந்தார். தாடியில் நரை கூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் சுருளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க. உக்காருங்க."

எட்டு வருஷம் அவருக்குப் பின்னால் நின்றவன் நான். வாடா, போடா, குருட்டுக் கீப்பர் என்பதைத் தவிர வேறு பேச்சு அவர் வாயிலிருந்து எனக்கு வந்ததே இல்லை. உட்கார்ந்தேன். எதிர்க் கடையில் எனக்கு டீ சொன்னார். மோட்டாரைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"காக்கா, அன்னைக்கு நான்..."

"மூணு பேஸா, சிங்கிள் பேஸுங்களா?"

"மூணு பேஸ்."

"கரண்டு கொறைச்சலா வந்திருக்கும். நீங்க பாத்து ஸ்டார்டர் ஒண்ணு மாத்திடுங்க." அட்டையில் பெயர் எழுதி மோட்டாரில் கட்டினார். "நாளைக்கழிச்சு சாயந்தரம் வாங்க. ரெடியா இருக்கும்."

டீயைக் குடித்து முடித்தேன். எழுந்தேன்.

"சரிங்க," என்றேன்.